மாதுளந்தோல் அவியலும் ஆஸ்பத்திரி மருந்தும் சேர்த்துக் குடிக்கலாமா?

வணக்கம் உறவுகளே. விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். மாரி வெள்ளத்தில் கிணறு கலங்கியதிலிருந்து அப்பாவுக்கு வயிற்றோட்டம். பக்டீரியாத் தொற்று என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சிப்ரோபுளொக்சசின் என்ற பக்டீரியாக் கொல்லிக் குளிசை தந்தார்கள். ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூளும் கரைத்துக் கொடுக்கிறோம்.

அம்மம்மா விடுவாவா? அடுப்பு மேல் பரணில் காய்ந்துகிடந்த மாதுளந்தோலை இடித்து, மூன்று சுண்டு தண்ணீர் ஒன்றாகும்வரை வற்றக் காய்ச்சி வைத்திருக்கிறா. தேயிலைச் சாயம்போலக் கறுத்து, நாக்கில் பட்டால் வாய் இழுத்துக்கொள்கிற துவர்ப்பு. அந்தத் துவர்ப்புத்தான் தனின். ஆய்வுகூடத் தட்டில் அது பக்டீரியாக்களை அடக்கும், சரி. ஆனால் குடலும் தட்டும் ஒன்றில்லையே.

என் சந்தேகம் இதுதான். பாலோடு இந்தக் குளிசையைப் போடக்கூடாது, கல்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று மருந்து தந்தவர் சொன்னார். தனினும் அப்படிச் செய்யுமா? எத்தனை மணி இடைவெளி விடவேண்டும்?

அடுத்தது மரமஞ்சள். அதிலுள்ள பெர்பெரின் என்ற மருந்துப் பொருளைப் பங்களாதேஷில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்து 1987இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். 400 மில்லிகிராம் ஒரே தடவை கொடுத்ததில், நஞ்சு சுரக்கும் ஈ.கோலை என்ற பக்டீரியாவால் வந்த வயிற்றோட்டம் குறைந்திருக்கிறது. கொலராவுக்கு அவ்வளவு பலனில்லை. கடையில் வாங்கும் மரமஞ்சள் துண்டில் எவ்வளவு பெர்பெரின் இருக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது? தங்கச்சி ஏழு மாதக் கர்ப்பிணி, அவளுக்கு மட்டும் அதைக் கொடுக்க விடமாட்டேன்.

கிளிநொச்சிப் பக்கம் சித்த வைத்தியர்கள், மருந்தாளர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ. அம்மம்மா இரவுக்கும் ஒரு சட்டி வைத்துவிட்டா.