செப்புக் கம்பி பட்ட துணியில் பச்சைக் கறை: என்ன பூசலாம்?

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். செப்புக் கம்பியை வளைத்து, அதில் கைத்தறிச் சீலைத் துண்டுகளைச் சுற்றித் தோடும் கழுத்து மாலையும் செய்கிறேன். மாலையைப் போட்டு இரண்டு மூன்று கிழமைக்குள் கம்பி தொடும் இடமெல்லாம் துணி பச்சையாகிவிடுகிறது. தோட்டில் இது வருவதில்லை. கழுத்து வியர்வைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் மழைக்காலத்தில், போடாமல் பெட்டிக்குள் வைத்ததிலும் ஓரம் பச்சை பிடித்தது.

கம்பி 0.8 மில்லிமீற்றர், பூச்சு இல்லாதது. துணி பருத்தி. முதலில் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். கம்பி பளபளத்தது, கறை இன்னும் வேகமாக வந்தது (உப்பு சரியாகக் கழுவுப்படவில்லையோ?). அப்புறம் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தரம் பூசினேன். வளைக்கும்போதே வெடித்து உரிந்தது. வளைத்த பிறகு பூசினால் மடிப்புகளுக்குள் போகவில்லை. பித்தளைக்கு மாறியும் பார்த்தாயிற்று, அதிலும் செம்பு இருக்கிறதே, அதே பச்சைதான். வெள்ளிக் கம்பி எனக்குக் கட்டுப்படியாகாது.

இப்போது ஒரு கலியாணத்துக்கு எட்டு மாலை கேட்டிருக்கிறார்கள், சிவப்பும் மஞ்சளும். மஞ்சளில்தான் கறை அப்படியே தெரியும்.

வளைத்து முடித்த செப்புக் கம்பியில், துணி சுற்றுவதற்கு முன், வியர்வை பட்டாலும் உரியாதபடி எதைப் பூசலாம்? வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கக்கூடியதாக இருந்தால் நல்லது.