தேயிலை விலை இறங்கியது. பிறகு எதற்குக் கடலில் கொட்டினார்கள்?

தராசு:
1773 டிசம்பரில், அன்று பிரிட்டனின் காலனியாக இருந்த அமெரிக்காவில், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய பாஸ்டன் தேயிலைக் கலகத்தைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் சொல்வது ஒரே வரி: ஆங்கிலேயர் தேயிலைக்கு வரி போட்டார்கள், மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் புதிய வரி எதையும் போடவே இல்லை. பவுண்டு எடைக்கு 3 பென்னி என்ற தீர்வை 1767இலேயே வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கிக் கிடந்தது. லண்டன் கிடங்குகளில் சீனத் தேயிலை விற்காமல் தேங்கியிருந்தது. அதைத் தள்ளிவிட, பிரிட்டனில் கட்ட வேண்டிய சுங்கத்தை விட்டுக்கொடுத்து, அமெரிக்காவுக்கு நேரே அனுப்ப வழிசெய்தார்கள். விலை இறங்கியது. டச்சுத் தேயிலையைக் கள்ளத்தனமாக இறக்கிக் காசு பார்த்தவர்களின் வயிற்றில்தான் அடி விழுந்தது. கொதித்தவர்கள் யார் என்று புரிகிறதா?

பிரெஞ்சுக்காரர்களை வட அமெரிக்காவிலிருந்து விரட்டிய போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 12 கோடிப் பவுண்டைத் தாண்டியிருந்தது. பத்திரம், செய்தித்தாள் போன்ற தாள்கள் மீதான முத்திரை வரியை இங்கிலாந்து மக்கள் 1694 முதல் கட்டிவந்தார்கள். 1765இல் அதே வரியை அமெரிக்காவில் கேட்டதும், பாஸ்டனில் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைச் சூறையாடினார்கள். இத்தனைக்கும் அந்த வரி கூடாது என்று கருதியவர் அவர்!

கடலோடி:
தராசு ஐயா, கடத்தல்காரர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் கட்டும் சுங்கத்தை விட்டுக்கொடுத்த பிரதமர் நார்த், அமெரிக்காவில் கட்டும் 3 பென்னியை மட்டும் ஏன் இறுகப் பிடித்துக்கொண்டார்? அதையும் எடுத்துவிடுங்கள் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. தூண்டிலில் புழுவாக மாட்டியதுதான் மலிவு விலை. விற்கும் உரிமையும் கம்பெனி பொறுக்கியெடுத்த சில வணிகர்களுக்கு மட்டும். பாஸ்டனில் அவர்களில் இருவர், அதற்குள் ஆளுநராகிவிட்ட அதே ஹட்சின்சனின் மகன்கள்.

கம்பெனியின் பெயரும் அங்கே நாறிப்போயிருந்தது. பிலடெல்பியாவின் வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் 1773இல் வெளியிட்ட கடிதமொன்றில் வங்கப் பஞ்சத்தை எடுத்துக்காட்டி, அங்கே மக்களைப் பட்டினியில் சாகவிட்டவர்கள் நம்மிடம் வருகிறார்கள் என்று எச்சரித்தார்.

தராசு:
நாடாளுமன்றத்தில் எங்கள் பிரதிநிதி இல்லாமல் வரி கூடாது, அதுதான் அவர்களின் கொள்கை என்கிறீர்கள், தம்பி. 1766இல் ரம் காய்ச்சப் பயன்படும் கரும்புப் பாகின் மீதான தீர்வையை ஒரு கேலன் அளவுக்கு 1 பென்னியாகக் குறைத்தார்கள். பெரிய சத்தமில்லாமல் கட்டினார்கள். அதுவும் நாடாளுமன்றம் போட்டதுதானே? அங்கே பிரதிநிதித்துவம் எங்கே போயிற்று? மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட அன்று தனி உறுப்பினர் கிடையாது. அவர்கள் எந்தக் கப்பலில் ஏறிப் பெட்டிகளை உடைத்தார்கள்?

கடலோடி:
மான்செஸ்டருக்கு உறுப்பினர் இல்லையென்றால் கொடுக்க வேண்டியதுதானே, ஐயா. பாஸ்டனின் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓடிஸ் அன்றே கேட்டது இதைத்தான்.

பாகு வரியைப் பொறுத்துக்கொண்டவர்கள் தேயிலை வரியில் ஏன் முரண்டு பிடித்தார்கள் என்பது நல்ல கேள்வி. என் பதில்: அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் காலனியில் ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்கியது உள்ளூர்ப் பேரவை. ஆளுநரை லண்டன் நியமித்தாலும், வரம்பு மீறினால் பேரவை பையை இறுக்கிக் கட்டிவிடும். தேயிலைத் தீர்வையைக் கொண்டுவந்த 1767ஆம் ஆண்டின் டவுன்ஷென்ட் சட்டம், வசூலாகும் தீர்வையிலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தரலாம் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. 1770இல் அந்தச் சட்டத்தின் மற்ற தீர்வைகளை நீக்கியபோதும் தேயிலைத் தீர்வை மட்டும் நின்றது.

1772இல் ஹட்சின்சன், இனி என் சம்பளம் மன்னரிடமிருந்து வருகிறது என்று அறிவித்தார். அடுத்து நீதிபதிகளுக்கும் அதே ஏற்பாடு. அந்த நவம்பரில்தான் பாஸ்டனில் கடிதத் தொடர்புக் குழு பிறந்தது. ஊர் ஊராகச் செய்தி பரப்பிய வலைப்பின்னல் அங்கே தொடங்குகிறது. உயர் நீதிமன்றத்தில் மற்ற நீதிபதிகள் மன்னரின் பணம் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மட்டும் வாங்குவேன் என்றார். 1774 பிப்ரவரியில் பேரவை அவர்மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜூரிகளாக அழைக்கப்பட்டவர்கள், இவர் தலைமையில் உறுதிமொழி எடுக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். இவர்களில் எவர் தேயிலை கடத்தினார்?

குறிஞ்சி:
இருவரும் பாஸ்டனை விட்டு நகரவே மாட்டீர்களா? வர்ஜீனியாவின் பண்ணை முதலாளிகளுக்கு வேறு கணக்கு. 1763இல் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று மன்னர் ஆணையிட்டார். அது பூர்வகுடிகளைச் சமாதானப்படுத்தும் தற்காலிக ஏற்பாடு என்று ஜார்ஜ் வாஷிங்டன் 1767இல் தன் நில அளவையாளருக்கு எழுதினார். நல்ல நிலங்களைச் சத்தமில்லாமல் குறித்துவைக்கவும் சொன்னார். 1774இல் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கிலிருந்த நிலத்தைக் கனடாவின் கியூபெக்கோடு சேர்த்தபோது எரிச்சல் இரட்டிப்பானது. 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று அறிவித்தார். ஊசலாடிக்கொண்டிருந்த முதலாளிகள் பலர் அதன் பிறகு ஊசலாடவில்லை.

கடலோடி:
நிலத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். டன்மோர் அறிவித்தது லெக்சிங்டனில் போரின் முதல் சண்டை மூண்டு ஏழு மாதம் கழித்து. அதைத் தொடக்கக் காரணமாக வைக்க முடியாது.

குறிஞ்சி:
தொடக்கம் என்று நான் சொல்லவில்லை. சுதந்திரம் பேசியவர்களின் தோட்டத்தில் யார் உழைத்தார்கள் என்பதை உங்கள் சம்பளக் கணக்கில் எங்கும் காணோம், அவ்வளவுதான்.

பழைய ஏடு:
எளிய சந்தேகம். தேயிலை வேண்டாமென்றால் கப்பலைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே? கொட்டுவானேன்?

கடலோடி:
அதைத்தான் முதலில் முயன்றார்கள். பிலடெல்பியாவுக்கு வந்த கப்பல் சரக்கோடு திரும்பிப்போனது. சார்ல்ஸ்டனில் தேயிலையை இறக்கி நிலவறையில் பூட்டினார்கள். பாஸ்டனில் டார்ட்மவுத் என்ற கப்பல் நவம்பர் 28 அன்று வந்தது. 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியேறினால் துறைமுகக் கோட்டையின் பீரங்கிகள் குறிவைக்கும். கெடுவுக்கு முந்தைய நாளான டிசம்பர் 16 அன்று, பாஸ்டனில் கூடியிருந்த மக்கள் கப்பலின் உரிமையாளர்களில் ஒருவரான பிரான்சிஸ் ராட்சை மில்டனிலுள்ள ஆளுநர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுமதி தர முடியாது என்றார் ஹட்சின்சன். ராட்ச் திரும்பிவந்து அதைச் சொன்னபோது இருட்டிவிட்டது. அன்றிரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலுக்குள் போயின.

தராசு:
அடுத்த மாதம் ஜான் மால்கம் என்ற சுங்க அதிகாரியை வீட்டிலிருந்து இழுத்துவந்து, உடம்பெல்லாம் தார் பூசி, இறகு ஒட்டி, கடுங்குளிரில் வண்டியில் ஊர்வலம் விட்டதையும் இதே ஆர்வத்தோடு எழுதுங்கள். அந்த ஆளுக்குச் சம்பளம் தந்தது யார் என்றா கேட்டார்கள்?

கடலோடி:
அது அநாகரிகம்தான். அன்று அவர் ஒரு சிறுவனைத் தடியால் மிரட்டியதையும், தடுக்கவந்த செருப்புத் தொழிலாளி ஜார்ஜ் ஹ்யூஸின் மண்டையைப் பிளந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன் தந்த தண்டனையையும் பாருங்கள். 1774 ஜூனில் துறைமுகத்தையே மூடினார்கள். பெட்டியைத் தொடாதவனுக்கும் பிழைப்புப் போயிற்று. மாசசூசெட்ஸின் சாசனத்தைத் திருத்தி, ஊர்க்கூட்டம் நடத்தவே ஆளுநரின் அனுமதி வேண்டும் என்றார்கள். அதுவரை பாஸ்டன்காரர்களைத் தொல்லையாக நினைத்த காலனிகளும் செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடின. ஜார்ஜியாவைத் தவிர 12 காலனிகள்.

தராசு:
துறைமுகத்தை மூடியது அதிகப்படிதான். ஆனால் 1778இல் அதே நார்த், தேயிலைத் தீர்வையை நீக்கி, இனி வருவாய்க்காக வரி போட மாட்டோம் என்று சட்டமியற்றித் தூதுக்குழுவையும் அனுப்பினார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதே. பிறகு ஏன் உதறினார்கள்?

கடலோடி:
அதற்குள் பிரான்சு அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டுவிட்டது, ஐயா. சமரசத்துக்கு 1775 ஜூலையில் காலனிகளின் கூட்டு அவையான காங்கிரஸ் மனு அனுப்பியபோது மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கிப் பார்க்கவும் மறுத்தார்.

தராசு:
அதே மாதம் அந்தக் காங்கிரஸின் உறுப்பினர் ஜான் ஆடம்ஸ் அந்தச் சமரசப் போக்கை எள்ளி எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கி அச்சேறியதே, அதை விட்டுவிட்டீர்களே, தம்பி.