மரத்துக்குள் நிற்கும் இந்தத் தேவி யார்? எகிப்திய சவப்பெட்டி தெரிந்தவர்கள் உதவவும்

ஒரு மஞ்சள் சவப்பெட்டியின் பக்கவாட்டு ஓவியத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எகிப்தின் 21ஆம் வம்ச காலம், தீப்ஸ் நகரம், ஆமுன் கடவுளின் பூசாரி ஒருவருடையது; 1891இல் தெய்ர் எல்-பஹ்ரி பக்கம் பாப் எல்-கசூஸ் என்ற கல்லறையில் மொத்தமாகக் கிடைத்து, அப்புறம் பல நாடுகளுக்குப் பரிசாகப் போனதே, அந்தக் கூட்டத்தில் ஒன்று. அத்தி மரத்திலிருந்து ஒரு தேவி இடுப்பளவு வெளியே வந்து குடத்திலிருந்து நீர் ஊற்றுகிறாள், கீழே மனிதத் தலை கொண்ட பா பறவை (இறந்தவரின் ஆன்மா) இரண்டு கைகளையும் ஏந்திக் குடிக்கிறது, அந்தக் கைகள் அவ்வளவு அழகு. ஆனால் தேவி யார், வானத் தேவி நூட்டா, பசு வடிவிலும் வரும் ஹாத்தோரா?

தலைமேல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் உரிந்துவிட்டது. நூட்டுக்குரிய பானைக் குறி, ஹாத்தோரின் கொம்பும் வட்டும், இரண்டையும் தேடினேன், இலைகள்தான் தெரிகின்றன. விளக்க அட்டையில் வம்சமும் பதவியும் மட்டும். புகைப்படத்தின் நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் எழுத்து எழவில்லை. பக்கத்துக் காட்சியில் மேற்கு மலையிலிருந்து ஹாத்தோர் பசு வருவதால் குழப்பம் கூடுகிறது, மூடியின் உள்பக்கப் படமும் என்னிடம் இல்லை.

பெயரும் தலைக்குறியும் இல்லாதபோது, இந்தக் காலத்துப் பெட்டிகளில் மரத்தேவி நூட்டா ஹாத்தோரா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?