ஜாங்கோ: இரண்டு ஃபாரின் கீ, கூட்டுத்தொகை மட்டும் ஏறிப்போய் வருகிறது

உசிலம்பட்டிக்காரன்:
வணக்கம். ஜாங்கோ (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் கட்டமைப்பு) படித்துக்கொண்டிருக்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவின் கமிஷன் கடைக்கு ஒரு கணக்கு ஆப் எழுதிப் பழகுகிறேன். மாடல் (டேட்டாபேஸ் அட்டவணை) மூன்று: விவசாயி, சிட்டை, அட்வான்ஸ். பூ வந்த அன்றைக்குக் கமிஷன் போக நிற்கும் தொகை சிட்டையில் ஏறும். இடையில் வாங்கிய பணம் அட்வான்ஸில். இரண்டிலிருந்தும் விவசாயிக்கு ஒவ்வொரு ஃபாரின் கீ, அதாவது இது எந்த விவசாயியுடையது என்று காட்டும் இணைப்பு. அட்டவணைகளை டேட்டாபேஸில் உருவாக்கும் மைக்ரேஷன் சிக்கலில்லாமல் ஓடிவிட்டது.

பாக்கிப் பட்டியல்தான் உதைக்கிறது. ஒரே அனோட்டேட்டுக்குள் (ஒவ்வொரு விவசாயியோடும் கணக்கிட்ட தொகையை ஒட்டுவது) சிட்டைக்கு ஒரு சம் (கூட்டல்), அட்வான்ஸுக்கு ஒரு சம் போட்டிருக்கிறேன். ஒருவருக்குச் சிட்டை 1,200, 900, 1,500, மொத்தம் 3,600. அட்வான்ஸ் 500, 1,000, மொத்தம் 1,500. திரையில் 7,200, 4,500 என்று வருகிறது. தனித்தனியாகக் கூட்டினால் இரண்டுமே சரி. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

வைகைக்கரை:
சம்முக்குள் டிஸ்டிங்ட் ட்ரூ (திரும்ப வரும் மதிப்பை விட்டுவிடு என்பது) கொடுத்துப் பாருங்கள். எனக்கு கவுண்ட்டில் (எண்ணிக்கையில்) இதே தொல்லை வந்தபோது அதில் சரியானது.

உசிலம்பட்டிக்காரன்:
கொடுத்தேன், இவருக்குச் சரியாகிவிட்டது. ஆனால் இன்னொருவருக்கு இரண்டு நாள் சிட்டையும் 600. மொத்தம் 1,200 வரவேண்டிய இடத்தில் 600 வருகிறது!

பழைய சர்வர்:
தம்பி, டிஸ்டிங்ட்டை உடனே எடுத்துவிடு. கவுண்ட்டுக்கு அது சரி, ஐடியைத்தானே எண்ணுகிறது. சம்மில் அது ஒரே தொகையை ஒரு தடவைதான் சேர்க்கும். முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறும்போது இந்த மாதிரிப் பிழை பெரிய தொகையாக நிற்கும்.

காரணம் பார்க்க, அந்தக் குவெரிசெட்டின் குவெரியை (டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வி) ஷெல்லில் பிரிண்ட் செய். லெஃப்ட் அவுட்டர் ஜாயின் (அட்டவணைகளைச் சேர்ப்பது) இரண்டு தெரியும். 3 சிட்டை, 2 அட்வான்ஸ். ஒவ்வொரு சிட்டையும் ஒவ்வொரு அட்வான்ஸோடும் சேர்ந்து 6 வரி ஆகிறது. அதனால் சிட்டை இரண்டு மடங்கு, அட்வான்ஸ் மூன்று மடங்கு. 7,200, 4,500 வந்தது இப்படித்தான். உன் ஃபாரின் கீயில் குறை இல்லை. ஒரே அனோட்டேட்டில் பல கூட்டல் சேர்த்தால் இப்படி ஆகும் என்று ஜாங்கோ ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

வழி: ஒவ்வொரு கூட்டலையும் தனி சப்குவெரி (குவெரிக்குள் இன்னொரு குவெரி) ஆக்கு. சிட்டை மாடலில் ஃபில்டர் போட்டு, விவசாயியை அவுட்டர்ரெஃப் பிகே-யோடு (வெளிக் குவெரியில் உள்ள விவசாயியின் ஐடி) பொருத்து. அப்புறம் விவசாயிவாரியாகத் தொகுக்க விவசாயி மீது வேல்யூஸ், அதன் மேல் சம் அனோட்டேட், கடைசியில் அந்த மொத்தத்தை மட்டும் எடுக்க இன்னொரு வேல்யூஸ். முதல் வேல்யூஸை விட்டால் ஒவ்வொரு சிட்டையும் தனி வரியாக நிற்கும், கூட்டல் நடக்காது. அட்வான்ஸுக்கும் இதே அச்சு.

இது தலை சுற்றினால் இரண்டு குவெரி தனித்தனியாக ஓட்டி, விவசாயி ஐடியை வைத்துப் பைத்தானில் டிக்‌ஷனரியில் சேர்த்துக்கொள். ஒரு கடைக் கணக்குக்கு அதுவே தாராளம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உசிலம்பட்டிக்காரன்:
சப்குவெரியே எழுதிவிட்டேன் அண்ணே. 3,600, 1,500, பாக்கி 2,100. மாமா நோட்டோடு ஒத்துப்போகிறது. 600 காரருக்கும் 1,200 வந்துவிட்டது. ஆனால் அட்வான்ஸே வாங்காதவர்களுக்குப் பாக்கி இருக்கவேண்டிய இடத்தில் None என்று நிற்கிறது.

பழைய சர்வர்:
அட்வான்ஸ் இல்லாதவருக்கு சப்குவெரி NULL (மதிப்பே இல்லை) தரும். NULL-ஐக் கழித்தால் விடையும் NULL. அதுதான் பைத்தானில் None. இரண்டு சப்குவெரியையும் கோலெஸ் போட்டுச் சுற்றி, இல்லையென்றால் 0 என்று கொடு. தொகை டெசிமல் ஃபீல்டு (தசம எண்) என்றால் அவுட்புட் ஃபீல்டையும் (விடையின் வகை) டெசிமல் என்று எழுது. இல்லாவிட்டால் இரண்டு வகை கலந்திருக்கிறது என்று பிழை அடிக்கும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். ஃபாரின் கீயில் ஆன் டெலீட் (விவசாயியை அழித்தால் என்ன ஆகவேண்டும் என்பது) என்ன போட்டிருக்கிறாய்? கேஸ்கேட் என்றால் மாற்று. ஒரு விவசாயி பெயரை அழித்ததும் அவர் சிட்டை, அட்வான்ஸ் எல்லாம் சேர்ந்து போய்விடும். ப்ரொடெக்ட் போட்டால், சிட்டை இருக்கும்வரை அழிக்க விடாது.

உசிலம்பட்டிக்காரன்:
கேஸ்கேட்தான் இருந்தது. இரண்டிலும் மாற்றிவிட்டேன். கோலெஸ் போட்டதும் பட்டியலும் சரியாகிவிட்டது. நன்றி அண்ணே.