பேஸ்பால் அம்பயர் கையில் வைத்திருக்கும் இண்டிகேட்டர் வேலூரில் கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. காட்பாடி பக்கம் பசங்க ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் ஆடுகிறார்கள். அம்பயர் வேலை என் தலையில். இண்டிகேட்டர் என்பது எண்ணிக்கையைத் தவறவிடாமல் வைத்துக்கொள்ள உதவும் சின்னக் கருவி.

கிரிக்கெட்டில் ஆறு கூழாங்கல் போதும், பந்துக்கு ஒன்றாகப் பை மாற்றினால் ஓவர் முடிந்தது. இங்கே பால் (அடிக்க வாகாக வராத, பேட்டரும் வீசாமல் விட்ட பந்து), ஸ்ட்ரைக் (வாகாக வந்தும் விட்ட அல்லது வீசித் தவறவிட்ட பந்து), அவுட் மூன்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும். நான்கு பால் என்றால் பேட்டர் முதல் பேஸுக்குப் போகலாம், மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட்.

சண்டையே ஃபவுலில்தான், அதாவது அடித்த பந்து ஓரக் கோட்டுக்கு வெளியே போவதில். இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை ஃபவுலும் ஸ்ட்ரைக். அதற்கப்புறம் எத்தனை ஃபவுல் அடித்தாலும் எண்ணிக்கை அப்படியே நிற்கும் (பன்ட், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி, அது ஃபவுல் போனால் அவுட்). ஒரே ஆள் ஏழெட்டுப் பந்தை ஓரமாகத் தட்டிவிட்டால், நம்ம ஊர் வெயிலில் யாருக்கு நினைவிருக்கும்? கேட்சரும் பேட்டரும் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்.

பெரிய ஆட்டங்களில் பிளேட் அம்பயர் (கேட்சருக்குப் பின்னால் நிற்பவர்) இடது கையில் சின்ன இண்டிகேட்டர் வைத்திருப்பார். அதன் சக்கரங்களைக் கட்டைவிரலாலேயே தள்ளலாம். வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு விளையாட்டுக் கடைகளில் பார்த்தவர்கள் இருந்தால் விலையோடு சொல்லுங்கள். கிரிக்கெட் கவுண்டரை வைத்துச் சமாளிக்க முடியுமா? இன்னிங்ஸுக்கும் சேர்த்து நான்கு சக்கரம் உள்ளது தேவையா, மூன்று போதுமா?

அப்புறம், பேஸ்பால் மாதிரியான சாப்ட்பால் ஆட்டம் நடத்தும் பி.டி. சார்களுக்கு ஒரு கேள்வி. இடது கை விரலில் பால், வலது கையில் ஸ்ட்ரைக் என்று காட்டுவது தெரியும். ஒவ்வொரு பந்துக்கும் காட்டுவீர்களா, இடையிடையே மட்டுமா?