தேக்கு வெனீர் மரைன் ப்ளைவுட்: புதுப்பிப்பு

படகு கேபின் தரைக்கு தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டின மரைன் ப்ளைவுட்ட (தண்ணி தாங்கற ஒட்டுப்பலகை, இந்தியத் தரம் ஐ.எஸ். 710) சில்லு பேராம எப்படி அறுக்கறதுன்னு கேட்டிருந்தேன்ல, தரை போட்டாச்சு, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கையில பிடிச்சு ஓட்டற சர்குலர் சா (வட்ட ரம்பம்) பிளேடு கீழேர்ந்து மேல ஏறி அறுக்கறதால சில்லு மேல்பக்கம்தான் பேரும், அதனால தேக்குப் பக்கம் கோடு போட்டு கத்தியால வெனீர ஆழமா கீறி, டேப் ஒட்டி, அந்த முகத்த கீழ போட்டு பொடிப் பல் பிளேடுல நிதானமா தள்ளினேன், நாருக்குக் குறுக்க வெட்டுன இடம்கூட சுத்தமா வந்துச்சு.

விளிம்ப மட்டும் யாரும் அலட்சியமா விடாதீங்க ப்ளீஸ். தண்ணி நுழையறதே அங்கதான். முதல் எபாக்ஸி (ரெண்டு பாகம் கலந்து பூசற பிசின்) கோட்ட விளிம்பு ரொட்டி மாதிரி குடிச்சு மங்கிடுது, பிசுபிசுப்பு இருக்கும்போதே அடுத்தது பூசணும், ஸ்க்ரூ ஓட்டைக்குள்ளயும்தான்.

வெனீர் அரை மில்லி அளவுதான், மெஷின் சாண்டர் வேணாம், 220 நம்பர் உப்புத்தாள கட்டையில சுத்தி நார்ப்போக்குல கையால தேய்ச்சா போதும். தேக்குல எண்ணெய் இருக்கறதால அசிட்டோன்ல துடைச்சு, அது ஆவியானதும் தாமதிக்காம தின்னர் கலந்த வார்னிஷ் முதல் கோட்.

அடுத்து ஹேட்ச் (மேல்தளத் திறப்பு) மூடி, அது வெயில்லயே கிடக்கும், அதனால யூவி தாங்கற வார்னிஷ்தான்.