எச்.ஐ.வி இருக்கவங்கள தொட்டுப் பழகுன அனுபவம், உங்களோடதும் சொல்லுங்க

எச்.ஐ.வி பத்தி பேச்சு எடுத்தாலே மாத்திரை, சிடி4 (நோய எதுக்கற செல் கணக்கு), வைரல் லோடு (ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு)ன்னு அதுலயே முடிஞ்சிருது, தொடுறத பத்தி யாரும் பேசறதில்ல. நான் நாமக்கல் பக்கம் பாசிட்டிவா இருக்கவங்க வீட்டுக்கே போய் பாத்துக்கற வேலைல ரொம்ப வருஷம் இருந்தேங்க. லாரி ஊருங்கறதால அந்தக் காலத்துல எங்க பக்கம் இது ரொம்பவே அடிச்சிது. 2004 ஏப்ரல்ல கவர்மெண்ட் எச்.ஐ.விய அடக்கற ஏ.ஆர்.டி மாத்திரைய ஃப்ரீயா குடுக்க ஆரம்பிச்சப்ப சென்னை தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும், நைட் பஸ்ல உக்காந்தபடியே போய் மாத்திரை வாங்கிட்டு அடுத்த நைட் பஸ்ல திரும்பி வருவாங்க, அப்படி உயிர புடிச்சுட்டு வந்தவங்கள வீட்ல தொட ஆள் இல்ல, அதுதான் கொடுமை.

ஒரு டிரைவர் சம்சாரம், புருஷன் போய் சேந்துட்டாரு. மாமியார் வீட்ல மாட்டுக் கொட்டாய ஒட்டி ஒரு சாளைல தனியா விட்டிருந்தாங்க. தட்டு தனி, சொம்பு தனி, தண்ணி கூட கை படாம மேல இருந்துதான் ஊத்துவாங்க, பையன் ஆயாகிட்ட வளந்தான், அம்மாகிட்ட விடவே மாட்டாங்க. மாத்திரை எடுக்குது, எடை கொஞ்சம் ஏறுது, ஆனா சோறு எறங்கல தூக்கம் இல்ல, கேட்டா பதிலே வராது. ஒரு நாள் பேச்சு குடுத்துட்டே எண்ணெய் கிண்ணத்த எடுத்து தலைக்கு வெக்க உக்காந்தேன், சிக்கு விழுந்து சடையா கெடந்துச்சு. அந்தப் பொண்ணு வெடுக்குன்னு நகந்துடுச்சு. "அக்கா கிளவுஸ் போடலியா?"ன்னுச்சு. எண்ணெய் வெக்க எதுக்கு கிளவுஸுன்னு சொல்லி மெதுவா விரலால சிக்கெடுத்தேன், கொஞ்ச நேரம் கழிச்சு சொல்லுச்சு, "கடைசியா என்னைய தொட்டது ரத்தம் எடுத்த நர்ஸுதாங்க்கா, அதும் ரெண்டு கிளவுஸ் போட்டுட்டு."

அதுக்கப்புறம் நான் போற நாள்ல சீப்பும் எண்ணெயும் எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கும். பேச ஆரம்பிச்சிது, சண்டை கூட போடும், சோறு கேட்டு வாங்கி சாப்பிட்டுச்சு, மாத்திரைய நான் கேக்காமயே கணக்கு சொல்லும். மாமியாரம்மா திண்ணைல உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டே இருப்பாங்க, நானும் எச்.ஐ.வி இப்படியெல்லாம் பரவாதுன்னு சொல்லி சொல்லி பாத்துட்டேன், அது எடுபடல, ஆனா ரொம்ப நாள் பாத்துட்டு அவங்களே கேட்டாங்க, "ஏங்கண்ணு, உனக்கொன்னும் ஆகலியா?" இல்லீங்கம்மா, என் புள்ளைங்கள இதே கையாலதான் தூக்கறேன்னேன். அடுத்தாப்ல போனப்ப சாளைல அவங்கதான் மருமகளுக்கு முதுகுல தைலம் தேச்சுட்டு இருந்தாங்க, பையனும் பக்கத்துல இருந்தான். எந்த நோட்டீஸும் செய்யாதத அந்த எண்ணெய் கிண்ணம் செஞ்சுதுன்னுதான் நான் இன்னிக்கும் நெனைக்கறேன்.

ஒன்னு மட்டும் சொல்லணும், தொடறதுக்கு முன்னாடி கேளுங்க. அந்தக் காலத்து ஸ்டாவுடின் மாத்திரை நெறைய பேருக்கு நரம்ப பாதிச்சிடுச்சு, கால்ல மொளகா அரைச்சு பூசுன மாதிரி எரியும், போர்வை பட்டா கூட தாங்காது. அந்த மாதிரி ஆளுக்கு காலப் புடிச்சு விடறேன்னு போனா உசுரு போயிரும். கை இல்லாட்டி முதுகு, எது வேணும்னு அவங்கதான் சொல்லணும்.

உங்க அனுபவத்தையும் போடுங்க.

—

நான் ரிட்டயர்ட் ஸ்டாஃப் நர்ஸ். ரெண்டு கிளவுஸ் கதைய படிச்சதும் மனசு கனத்துடுச்சு. ரத்தம், சீழ் இதையெல்லாம் தொடறப்ப கிளவுஸ் கண்டிப்பா போடணும், அது எல்லா பேஷண்ட்டுக்கும்தான். ஆனா பல்ஸ் பாக்க, நெத்தில கை வெச்சு ஜுரம் பாக்க எதுக்கு? 1987லயே இளவரசி டயானா லண்டன் ஆஸ்பத்திரில கிளவுஸ் இல்லாம எய்ட்ஸ் பேஷண்ட்டுக்கு கை குடுத்தாங்க, உலகமே அந்த போட்டோவ பாத்துச்சு, அப்புறமும் எத்தனையோ வருஷம் எங்க வார்டுல சிலர் மாத்திரைய கட்டில்ல வெச்சுட்டு ஓடுவாங்க. இப்ப 2017 எச்.ஐ.வி சட்டம் இருக்கு, 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு, வைத்தியத்துல பாகுபாடு காட்டுனா கேள்வி கேக்கலாம், ஆனா அன்பா தொடச் சொல்லி எந்த சட்டமும் போட முடியாது இல்லையா.

இன்னொரு விஷயம். 1996ல அமெரிக்கால மயாமில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 29 ஆம்பளைங்க, அதுல 20 பேர் பாசிட்டிவ், ஒரு மாசம் மசாஜ் குடுத்து பாத்தாங்க. பதட்டம் கொறஞ்சுது, மன அழுத்தத்துல கூடற கார்டிசால் ஹார்மோன் கொறஞ்சுது, இயற்கையா நோய எதுக்கற என்.கே செல் கூடுச்சு. ஆனா சிடி4 மாறல. சின்ன ஆராய்ச்சிதான், அதனால மாத்திரைய நிறுத்திட்டு தைலம் தேச்சுக்கோன்னு எவனாவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. தொடுறது மனுசனுக்கு, மாத்திரை வைரஸுக்கு, ரெண்டும் வேணும்.

—

நான் பாசிட்டிவ், பேரு வேணாம். தெனம் ஒரே மாத்திரைதான் போடறேன், வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கொறைஞ்சு நிக்குது, இப்படி நின்னா உடலுறவுல கூட அடுத்தவங்களுக்கு பரவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனாலும் வீட்ல தோள்ல கை போடறதுக்கே யோசிச்சாங்க. எனக்கு தொட்டு பேசற ஆள்னு மிச்சம் இருந்தது சலூன்கார அண்ணன்தான், ஷேவிங் முடிச்சுட்டு தலைய அழுத்தி புடிச்சு விடுவாரு, அதுக்காகவே போவேன். ஒரு நாள் மனசு கேக்காம சொல்லிட்டேன். அவரு ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் "எல்லாருக்கும் புது பிளேடுதான் தம்பி போடறேன், உக்காரு"ன்னாரு, எப்பவும் போல தலைய புடிச்சு விட்டாரு. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்குனேன்.

—

மொத போஸ்ட் போட்டவ நான்தான். தம்பி, படிச்சுட்டு ரொம்ப சந்தோஷம்ங்க, அந்த அண்ணன் நல்லா இருக்கணும். அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்குன்னு தனியா சில பேர் கேட்டிருக்கீங்க, நல்லா இருக்குங்க, பையனுக்கு டெஸ்ட்ல நெகட்டிவ், டிப்ளமோ முடிச்சுட்டு வேலைக்கு போறான். யாருக்காவது டெஸ்ட் எடுக்கணும், பக்கத்துல எச்.ஐ.வி டெஸ்ட் எடுக்கற நம்பிக்கை மையம் எங்கன்னு தெரியணும்னா 1097க்கு போன் பண்ணுங்க, காசு கெடையாது.